உங்களுக்குத் தெரியுமா? பெஞ்சுக்குப் போன நட்சத்திரங்கள்

கூடைப்பந்தில் ஆட்டம் தொடங்கும்போது ஓர் அணிக்கு ஐந்து பேர் களமிறங்குவார்கள். அந்த ஐவரில் ஒருவராக ஆண்டுக்கணக்கில் ஆடிவந்த பெரிய ஆட்டக்காரரிடம் போய், இனி நீங்கள் பெஞ்சிலிருந்து வாருங்கள் என்று சொல்வதைவிடச் சிரமமான வேலை ஒரு பயிற்சியாளருக்குக் கிடையாது. அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் இது பல முறை நடந்திருக்கிறது. சில நேரம் கோப்பை கிடைத்தது. சில நேரம் ஒரு மாபெரும் ஆட்டக்காரரின் காலமே அத்தோடு முடிந்தது.

★ பெஞ்ச் என்றதும் கிரிக்கெட்டின் பன்னிரண்டாவது ஆளை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு வழக்கமாக பேட்டும் கிடையாது, பந்தும் கிடையாது. கூடைப்பந்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். வெளியே போனவர் திரும்ப வரலாம். என்.பி.ஏ. ஆட்டம் மொத்தம் 48 நிமிடம். பெஞ்சிலிருந்து எழுந்து வருபவர் அதில் 30 நிமிடத்துக்கு மேல்கூட ஆடுவதுண்டு. தொடக்க ஐவரில் இரண்டு மூன்று பேர் அவ்வளவு நேரம் ஆடியிருக்க மாட்டார்கள்.

★ இந்தச் சுதந்திரம் ஆரம்பத்திலிருந்தே இருந்ததல்ல. 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த விளையாட்டைத் தொடங்கியபோது பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடினார்கள். பிறகு வந்த அமெரிக்கக் கல்லூரி விதிகளில், வெளியே போனவர் போனவர்தான். 1920-களின் தொடக்கத்தில் ஒரு முறை திரும்பி வர அனுமதித்தார்கள். 1930-களில் அது இரண்டு முறையானது. 1944-45 பருவத்தில்தான் கட்டுப்பாடு முழுதாக நீங்கியது. ‘ஆறாவது ஆள்’ என்ற பெருமைக்குரிய இடம் பிறந்தது அதற்குப் பிறகுதான்.

★ அந்த இடத்தை உருவாக்கியவர் பாஸ்டன் செல்டிக்ஸ் பயிற்சியாளர் ரெட் ஆவர்பேக். யார் தொடங்குகிறார்கள் என்பது அவருக்கு முக்கியமில்லை, யார் முடிக்கிறார்கள் என்பதே முக்கியம். 1950-களில் ஃபிராங்க் ராம்சியை வேண்டுமென்றே வெளியே வைத்தார். எதிரணியின் முதல் ஐவர் களைக்கத் தொடங்கும் நேரத்தில், களைப்பே இல்லாத ஒரு நல்ல ஆட்டக்காரர் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பதுதான் கணக்கு. ராம்சி ஏழு சாம்பியன் பட்டங்களோடு ஓய்வு பெற்றார். 1982-ல் கூடைப்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்ந்தது.

★ ராம்சிக்குப் பிறகு அந்த வேலையை ஏற்றவர் ஜான் ஹேவ்லிசெக். 1962-ல் அணியில் சேர்ந்தார். பெஞ்சிலிருந்து தொடங்கிய அவர்தான் 26,395 புள்ளிகளோடு செல்டிக்ஸ் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவர். எட்டுப் பட்டங்கள் வென்றார். 2022-23 பருவத்திலிருந்து ‘ஆண்டின் சிறந்த ஆறாவது ஆள்’ விருதின் கோப்பைக்கே அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த விருதுக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு: தொடக்க ஐவரில் இறங்கிய ஆட்டங்களைவிட பெஞ்சிலிருந்து வந்த ஆட்டங்கள் கூடுதலாக இருக்க வேண்டும்.

★ அந்த விருதை 1983-ல் முதன்முதலில் வாங்கியவர் ஃபிலடெல்ஃபியாவின் பாபி ஜோன்ஸ். லீக்கின் நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குப் பல முறை தேர்வானவர், தடுப்பாட்டத்தில் கெட்டிக்காரர். அவருடைய பயிற்சியாளர் பில்லி கன்னிங்ஹாம், 1967-ல் பட்டம் வென்ற ஃபிலடெல்ஃபியா அணியில் தாமே ஆறாவது ஆளாக ஆடியவர். அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவர் வந்து சொன்னால் கேட்பவருக்கும் மனம் எளிதில் ஒப்பும். 1983-ல் ஃபிலடெல்ஃபியாதான் சாம்பியன்.

★ லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருது, இறுதிப் போட்டித் தொடரின் மதிப்புமிக்க வீரர் விருது, ஆறாவது ஆள் விருது. மூன்றையும் வாங்கியவர் ஒரே ஒருவர்தான்: பில் வால்டன். 1977-ல் போர்ட்லாண்டுக்குப் பட்டம் வாங்கித் தந்தார். 1978-ல் லீக்கின் சிறந்த வீரரானார். பிறகு பாதத்தில் மாறி மாறிக் காயம். முழுப் பருவங்களே கையைவிட்டுப் போயின. 1985-ல் பாஸ்டனுக்கு வந்தபோது, ராபர்ட் பாரிஷுக்குப் பின்னால் மாற்று ஆளாக இருக்க மனமார ஒத்துக்கொண்டார். நிமிடங்கள் குறைந்ததால் பாதமும் தாங்கியது. அந்தப் பருவத்தில் 80 ஆட்டங்கள் ஆடினார். அவர் வாழ்நாளில் அதுதான் அதிகம். சொந்த ஊரில் 41 ஆட்டங்களில் 40-ஐ வென்ற அந்த 1986 அணிதான் சாம்பியன். பெஞ்ச் ஓர் ஆட்டக்காரரின் உடலைக் காப்பாற்றித் தந்ததற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

★ டெட்ராய்ட்டின் வின்னி ஜான்சனுக்கு ‘மைக்ரோவேவ்’ என்று பெயர். வைத்தவர் எதிரணியின் டேனி ஐன்ஜ். உள்ளே வந்த நொடியிலேயே சூடு பிடித்துவிடுவாராம். 1990 இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், 0.7 விநாடி மீதமிருக்கும்போது அவர் எறிந்த பந்துதான் டெட்ராய்ட்டுக்குப் பட்டத்தை வாங்கித் தந்தது.

★ கோபி பிரையன்ட் 1997-98 பருவத்தில் லேக்கர்ஸ் அணிக்காக ஆடிய 79 ஆட்டங்களில் தொடக்க ஐவரில் இறங்கியது ஒரே ஒரு முறைதான். அதே பருவத்தில் ரசிகர்கள் வாக்களித்து அவரை ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் தொடக்க ஐவருக்கு அனுப்பினார்கள். வயது 19. சொந்த அணியில் பெஞ்ச், நாடே பார்க்கும் ஆட்டத்தில் முதல் ஐவர்!

★ மைக்கேல் ஜோர்டனும் பெஞ்சிலிருந்து வந்திருக்கிறார். வாஷிங்டன் அணியில் அவருடைய கடைசிப் பருவமான 2002-03-ல், முழங்காலைக் காப்பாற்றுவதற்காக ஆறாவது ஆளாக ஆடத் தொடங்கினார். அந்தப் பருவத்தின் 82 ஆட்டங்களிலும் ஆடினார்; 67-ல் தொடக்க ஐவர், 15-ல் பெஞ்ச். 40 வயது நிறைந்த சில நாட்களிலேயே ஓர் ஆட்டத்தில் 43 புள்ளிகள் எடுத்ததும் அதே பருவத்தில்தான்.

★ இனி மானு ஜினோபிலி. இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்ததே இவருக்காகத்தான்.

அர்ஜென்டினாக்காரர். புது ஆட்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், 1999-ல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் இவரை எடுத்தது 57-வது ஆளாக. பட்டியலே முடியப்போகும் இடம் அது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவை 89-81 என்று அர்ஜென்டினா வீழ்த்தியபோது 29 புள்ளிகள் எடுத்து முன்னின்றவர் இவர்தான். தங்கமும் வாங்கி வந்தார். 2005-ல் ஆல்-ஸ்டார். 2003, 2005 என இரண்டு என்.பி.ஏ. பட்டங்கள் அதற்குள் கையில் இருந்தன. இப்படிப்பட்டவரைத்தான் பயிற்சியாளர் கிரெக் போப்பொவிச் 2006-07 பருவத்தின் நடுவில் பெஞ்சுக்கு அனுப்பினார்.

ஏன்? ஸ்பர்ஸின் நட்சத்திரங்களான டிம் டங்கன், டோனி பார்க்கர், ஜினோபிலி மூவருக்கும் பந்து கையில் வேண்டும். களத்தில் இருப்பதோ ஒரே பந்து. மூவரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக ஓய்வெடுத்தால், அவர்கள் உட்காரும் ஆறு, ஏழு நிமிடங்களில் அணி தடுமாறும். ஜினோபிலியைத் தனியே பிரித்து இரண்டாவது வரிசையின் தலைவராக்கினால், எதிரணியின் மாற்று ஆட்கள் ஓர் ஒலிம்பிக் சாம்பியனைச் சமாளிக்க வேண்டும். ஆட்டம் முடியும் நேரத்தில் மூவரும் மறுபடி ஒன்றாக நிற்பார்கள். தாளில் எழுதிப் பார்த்தால் எவரும் தலையாட்டும் கணக்குதான். ஆனால் 29 வயதில், உச்சத்தில் இருக்கும் ஒருவரிடம் போய் இதைச் சொல்ல வேண்டும். அவரும் அதைத் தாங்க வேண்டும்.

தாங்கினார். 2007-ல் ஸ்பர்ஸ் மறுபடி சாம்பியன். அடுத்த பருவத்தில் ஆட்டத்துக்கு சராசரியாக 31 நிமிடம் ஆடி 19.5 புள்ளிகள் எடுத்தார். 2008-ன் சிறந்த ஆறாவது ஆள் விருது அவருக்கே. 2013-ல் மயாமிக்கு எதிரான இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் எட்டு முறை பந்தைப் பறிகொடுத்து நொறுங்கிப்போனார். அடுத்த ஆண்டே அதே மயாமி அணியை வென்று நான்காவது பட்டத்தை வாங்கினார். என்.பி.ஏ.வில் மொத்தம் 1,057 லீக் ஆட்டங்கள். தொடக்க ஐவரில் 349 மட்டுமே. மூன்றில் இரண்டு பங்கு ஆட்டங்களுக்குப் பெஞ்சிலிருந்து வந்தவருடைய 20-ஆம் எண்ணை ஸ்பர்ஸ் இனி யாருக்கும் தராது. 2022-ல் ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம் பெற்றார். அவர் நினைத்திருந்தால் வேறோர் அணிக்குப் போய் ஆட்டத்துக்கு 25 புள்ளி எடுத்திருக்கலாம். போகவில்லை. என் கணக்கில், தொடக்க ஐவரில் ஆடி உலகப் புகழ் பெற்ற பலரைவிட இவர் பெரிய ஆட்டக்காரர்.

★ மேலே சொன்ன 2013 தொடரின் ஆறாவது ஆட்டத்தில், 5.2 விநாடி மீதமிருக்கையில் மூன்று புள்ளி வீச்சை எறிந்து மயாமியைக் காப்பாற்றிய ரே ஆலனும் பெஞ்ச் ஆட்டக்காரர்தான். அதற்கு முன் பாஸ்டனில் காயத்திலிருந்து திரும்பியபோது அவர் இடம் இளைஞர் ஏவரி பிராட்லியிடம் போயிருந்தது. மயாமியில் அந்தப் பருவத்தில் ஆடிய 79 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட அவர் தொடக்க ஐவரில் இல்லை.

★ பெஞ்சிலிருந்து வருவதில் உடம்புக்கும் சோதனை உண்டு. பயிற்சி செய்து வியர்த்து, உடல் சூடாக இருக்கும்போது கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறார்கள். இடையில் இடைவேளைகள், டைம் அவுட்கள், ஃபவுல் நிறுத்தங்கள். சட்டென்று பெயர் சொல்லி அழைக்கும்போது முழங்கால் விறைத்திருக்கும், விரல் நுனி குளிர்ந்திருக்கும். அதனால்தான் முதுகில் சூட்டுப்பை கட்டிக்கொண்டு உட்காருபவர்களையும், கால் இறுகாமல் இருக்க ஓரத்தில் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிப்பவர்களையும் பார்க்கிறோம். வயதானவர்களுக்கு இது இன்னும் கடினம். முதல் வீச்சு தவறினால் சரிசெய்துகொள்ள அவர்களுக்கு நேரமும் குறைவு.

★ மனதுக்கும் சோதனைதான். அமெரிக்க அரங்குகளில் விளக்குகளை அணைத்து, இசையை அதிரவிட்டு, ஐந்து பெயர்களை ஒவ்வொன்றாக முழங்குவார்கள். பல ஆண்டுகள் அதைக் கேட்டுப் பழகியவர், மற்றவர்கள் கைதட்டி ஓடிவர வரிசையில் நின்று தட்டிக்கொடுக்க வேண்டும். இளம் ஆட்டக்காரர்களுக்குப் பணக் கணக்கும் இதில் உண்டு. முதல் ஒப்பந்தம் முடியும்போது அணி முன்வைக்க வேண்டிய அடுத்த ஒப்பந்தத்தின் தொகை, அவர் 41 ஆட்டங்களில் தொடக்க ஐவராக இறங்கினாரா அல்லது 2,000 நிமிடம் ஆடினாரா என்பதைப் பொறுத்து மாறும். ஆகவே, யார் தொடங்கினால் என்ன என்று நாம் வெளியிலிருந்து சொல்வது எளிது.

★ ஆலன் ஐவர்சனால் அது முடியவில்லை. 2001-ல் லீக்கின் சிறந்த வீரர். ஆறடி உயரத்தில் மலைபோன்றவர்களுக்கு நடுவே புகுந்து ஒரு தலைமுறையையே கட்டிப்போட்டவர். 2009-ல் மெம்ஃபிஸ் அணி அவரை பெஞ்சிலிருந்து வரச் சொன்னது. மூன்றே ஆட்டங்கள், கிளம்பிவிட்டார். சில மாதங்களில் அவருடைய என்.பி.ஏ. காலமே முடிந்தது. கர்வம் பிடித்தவர் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லோரும் சிறியவன் என்று ஒதுக்கியபோது ‘நான்தான் முதல் ஆள்’ என்ற பிடிவாதம்தான் அவரை வளர்த்தது. அதை ஒரே வாரத்தில் கழற்றி வைக்கச் சொல்வது நியாயமா?

★ கார்மெலோ ஆண்டனி, தன் முதல் 1,054 லீக் ஆட்டங்களிலும் தொடக்க ஐவர். 2017-ல் பெஞ்சிலிருந்து வருவீர்களா என்று நிருபர் கேட்டதற்கு வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த ஆண்டு ஹூஸ்டனில் பத்தே ஆட்டங்களோடு ஒதுக்கப்பட்டார். ஏறக்குறைய ஒரு வருடம் எந்த அணியும் அழைக்கவில்லை. 2021-22-ல் லேக்கர்ஸ் அணிக்காக 69 ஆட்டங்களில் ஆடினார். மூன்றைத் தவிர எல்லாமே பெஞ்சிலிருந்துதான். சராசரி 13.3 புள்ளி. 37 வயதில் அது நல்ல ஆட்டம்.

★ 2012-ல் ஓக்லஹோமா சிட்டி அணியில் கெவின் டுராண்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன் மூவரும் ஒன்றாக இருந்தார்கள். மூவருமே பின்னாளில் லீக்கின் சிறந்த வீரர் விருது வாங்கியவர்கள். அதில் ஹார்டன் பெஞ்சிலிருந்து வந்தார். அவ்வாண்டின் ஆறாவது ஆள் விருதும் அவருக்கே. அக்டோபரில் ஹூஸ்டனுக்கு மாற்றப்பட்டார். அங்கே தொடக்க ஐவரில் இறங்கிய முதல் ஆட்டத்தில் 37 புள்ளி.

★ 2014 வரை ஆண்ட்ரே இகுவோடாலா ஆடிய 758 லீக் ஆட்டங்களிலும் தொடக்க ஐவர். அந்த ஆண்டு கோல்டன் ஸ்டேட் அணிக்குப் புதிதாக வந்த பயிற்சியாளர் ஸ்டீவ் கெர், அவரை பெஞ்சில் வைத்து இளைஞர் ஹாரிசன் பார்ன்ஸை முன்னால் கொண்டுவந்தார். முந்தைய பருவத்தில் பெஞ்சிலிருந்து வந்து பார்ன்ஸ் திணறியிருந்தார். மூத்தவர் எங்கிருந்து வந்தாலும் ஆடுவார், இளையவருக்குத்தான் அந்த இடம் தேவை என்பது கெரின் கணிப்பு. அந்தப் பருவத்தின் 77 லீக் ஆட்டங்களில் இகுவோடாலா ஒரு முறைகூடத் தொடக்க ஐவரில் இல்லை.

2015 இறுதித் தொடர். கிளீவ்லேண்டிடம் 1-2 என்று பின்தங்கியாயிற்று. நான்காவது ஆட்டத்தில் ஏழடி உயரமுள்ள ஆண்ட்ரூ போகட்டை வெளியே வைத்து இகுவோடாலாவைத் தொடக்க ஐவரில் இறக்கினார் கெர். யோசனை சொன்னவர் நிக் யூரென் என்ற இளம் உதவியாளர். அணி உயரத்தை இழந்தது, வேகத்தைப் பெற்றது. லெப்ரான் ஜேம்ஸை மறிக்கும் வேலை இகுவோடாலாவுக்கு. அந்த ஆட்டம் 103-82. அடுத்த இரண்டையும் வென்று 40 ஆண்டுகளுக்குப் பிறகு கோல்டன் ஸ்டேட் சாம்பியன். தொடரின் மதிப்புமிக்க வீரர் இகுவோடாலா. 11 வாக்குகளில் 7 அவருக்கு, மீதி 4 லெப்ரானுக்கு. லீக் ஆட்டம் ஒன்றில்கூடத் தொடங்காத பருவத்தில் அந்த விருதை வாங்கியவர் அவருக்கு முன் எவரும் இல்லை.

★ அதே கெர், 2024 பிப்ரவரியில் கிளே தாம்சனை பெஞ்சுக்கு அனுப்பினார். நான்கு பட்டங்கள் வாங்கித் தந்தவர். 2012-க்குப் பிறகு பெஞ்சிலிருந்து வந்ததே இல்லை. அவர் இடத்தில் முதல் வருடப் பையன் பிராண்டின் போட்ஸியெம்ஸ்கி. யூட்டாவில் நடந்த அந்த முதல் ஆட்டத்தில் தாம்சன் எடுத்தது 35 புள்ளி. கோல்டன் ஸ்டேட் 140-137 என்று வென்றது.

★ கோல்டன் ஸ்டேட் நட்சத்திரம் ஸ்டெஃப் கறியின் அப்பா டெல் கறி ஆறாவது ஆள் விருதை 1994-ல் வாங்கியவர். பெஞ்சிலிருந்து வந்து எடுத்த புள்ளிகளில் நெடுங்காலம் அவரே முதலிடம்: 11,147. அதை 2019-ல் லூ வில்லியம்ஸ் தாண்டினார். வில்லியம்ஸும் ஜமால் கிராஃபர்டும் அந்த விருதைத் தலா மூன்று முறை வென்றவர்கள். கிராஃபர்ட் தன் 39-வது வயதில், 2019 ஏப்ரலில் டல்லஸுக்கு எதிராக பெஞ்சிலிருந்து வந்து 51 புள்ளி எடுத்தார்.

★ பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.விலும் 2007 முதல் இந்த விருது உண்டு. டெவான்னா பானர் தன் முதல் மூன்று பருவங்களிலும் தொடர்ந்து வென்றார். 2017 டிராஃப்ட்டின் முதல் ஆள் கெல்சி பிளம், குதிகால் தசைநார் அறுந்து ஒரு பருவத்தை இழந்தவர். 2021-ல் லாஸ் வேகஸ் அணிக்கு பெஞ்சிலிருந்து வந்து விருதை வாங்கினார். அடுத்த ஆண்டே தொடக்க ஐவரில், ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் சிறந்த வீராங்கனை, அணியும் சாம்பியன்.

★ 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜேசன் டேட்டமுக்கு நேர்ந்தது இன்னும் கடுமை. ஜூனில்தான் பாஸ்டனோடு என்.பி.ஏ. பட்டம் வென்றிருந்தார். செர்பியாவுக்கு எதிரான இரண்டு ஆட்டங்களிலும் அமெரிக்க அணி அவரை ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. தங்கப் பதக்கம் கழுத்துக்கு வந்தது. அங்கும் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர்தான்.

★ என்.பி.ஏ. ஆட்டங்கள் நம் ஊரில் விடியற்காலையில்தான் வருகின்றன. அடுத்த முறை எழுந்து பார்க்கும்போது, முதல் கால்பகுதியின் ஆறாவது நிமிடத்தில் பெஞ்சிலிருந்து யார் எழுகிறார் என்று கவனியுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் அவர் களத்தில் இருக்கிறாரா என்றும் பாருங்கள். இருந்தால், அந்த அணியின் பயிற்சியாளர் அவரை ஒதுக்கவில்லை, நம்புகிறார் என்று பொருள்.